பித்தளை மூடி

கரகோல்
12 மே 1998

அன்புள்ள மருமகன் மெலிஸுக்கு,

நாங்கள் பிஷ்கெக் மருத்துவமனையிலிருந்து நலமாகத் திரும்பிவிட்டோம். உன் அத்தையின் முழங்கால்களைப் பற்றி டாக்டர்கள் புதிதாக எதுவும் சொல்லவில்லை. வெந்நீர் ஊற்றுக்குப் போவதை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் இருக்கிற நடையும் போய்விடும் என்றார்கள். அக்கா எப்படி இருக்கிறாள்? அவளுக்கு இருமல் நின்றதா என்று எழுது.

நாங்கள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, நரினிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, யாரும் கேட்காமலே என் சைடுகார் மோட்டார் சைக்கிளுக்குக் கிளட்ச் மாற்றிவிட்டுப் போயிருக்கிறாய். கியர்பாக்ஸுக்கு வெள்ளிப் பெயின்ட்கூட அடித்திருக்கிறாய். கொட்டகைக்குள் நுழைந்ததும் யாரோ ஒருவருடைய புது வண்டி நிற்கிறது என்று நினைத்துவிட்டேன். பாத்மா, "அக்கா மகன்னா இப்படி இருக்கணும்" என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். உன் வேலையில் குறை சொல்வதாக நீ நினைத்துவிடக் கூடாது. கியர்பாக்ஸிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது. வண்டி நின்ற இடத்தில் காலையில் ஒரு கரும் வட்டம் தெரிகிறது. என் வண்டி பனியின்மேல்கூட ஒரு சொட்டு விட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் பிழை என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். திரும்பி வந்ததும் ஆர்வத்தில் எண்ணெய் ஊற்றினேன். அளவுக்கு மேல் ஊற்றிவிட்டேனோ என்னவோ. என்ன செய்வது என்று இரண்டு வரி எழுது. தபால் நிலையத்துப் போனில் கத்திப் பேசினால் எனக்குப் பாதிதான் கேட்கிறது.

உன் மாமா
எசென்குல்


நரின்
24 மே

மாமாவுக்கு சலாம்!

எனக்கு உங்களை மாதிரி எழுத வராது. பேசுற மாதிரியே எழுதறேன், திருத்தி மார்க் போடாதீங்க. அம்மா நல்லா இருக்காங்க. இருமலுக்குக் கரடிக் கொழுப்பு குடிச்சாங்க. இப்ப இருமல் போயிடுச்சு, கரடி மாதிரி எங்கள உறுமிட்டு இருக்காங்க.

மாமா, அந்த வண்டி உங்க கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்தது. அந்த வயசுல மனுஷனுக்கே எங்கெங்கயோ ஒழுகுது, இரும்பு என்ன பண்ணும்? பயப்படாதீங்க. கெட்டியான எண்ணெய் ஊத்துங்க. அதுல கொஞ்சம் கிரீஸ் கலந்துவிடுங்க. ஒழுகுறது தானா நின்னுடும். அளவுக்கு மேல ஊத்தியிருப்பீங்கன்னு நீங்களே சொல்றீங்க, அதுவும் காரணமா இருக்கலாம். சும்மா சும்மா திறந்து பாக்காதீங்க. காலேஜ்ல கியர் படம் போட்டுக் கொடுக்கறது வேற, கியரைக் கையில எடுக்கறது வேற. மரை கழண்டது வண்டிக்கா மாமாவுக்கான்னு ஊர்ல கேப்பாங்க!

இங்க பெரிய சமாச்சாரம். என் பொண்ணு சினாராவுக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சு. மாப்பிள்ளை வீடு அத்-பாஷில. சம்பந்தி கரிப்பாய் பெரிய மனுஷன், குதிரை மந்தை வச்சிருக்கார். அவருக்குப் பழைய சைடுகார் வண்டின்னா உயிர். அதனால என் வண்டியை அவருக்குச் சீரா கொடுத்துட்டேன். ஏறி ஒரு சுத்து போய்ட்டு வந்து தொடையைத் தட்டி, "கியர் வெண்ணெய் மாதிரி விழுது சம்பந்தி"ன்னார். எனக்குத் தலை நிமிர்ந்துச்சு.

நீங்களும் அத்தையும் செப்டம்பர்ல கல்யாணத்துக்கு வரணும். வண்டியில வராதீங்க, பஸ்ஸுல வாங்க!

உங்க
மெலிஸ்


கரகோல்
9 ஜூன்

மெலிஸ்,

சினாராவின் செய்தி கேட்டு மகிழ்ந்தோம். பாத்மா அவளுக்காகப் போர்வை தைக்கத் தொடங்கிவிட்டாள். உன் வண்டியைக் கொடுத்துவிட்டாய் என்று படித்தபோது வருத்தமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நம் இரண்டு வண்டிகளும் ஒரே கூட்டுப் பண்ணையிலிருந்து வந்தவை. இரட்டைக் குழந்தைகளில் ஒன்றைக் கட்டிக்கொடுத்தது போல.

நீ சொன்ன எண்ணெயை ஊற்றினேன். கிரீஸும் கலந்தேன். ஒழுகல் நிற்கவில்லை, கூடியது. பிறகு நடந்ததை மறைக்க விரும்பவில்லை.

சனிக்கிழமை பாத்மாவை ஊற்றுக்கு அழைத்துப் போனேன். அவளுடைய கால்கள் மடங்காது. காரிலோ வேனிலோ அவளால் ஏறி உட்கார முடியாது; பிஷ்கெக்குக்கே பஸ்ஸின் பின் வரிசையில் கால் நீட்டிப் படுத்துத்தான் போனாள், ஊற்றுக்கோ பஸ் கிடையாது. சைடுகாரில்தான் கால்களை நீட்டிக்கொண்டு உட்கார முடியும். அதனால்தான் இந்த வண்டியைப் பற்றி இவ்வளவு எழுதித் தொல்லை செய்கிறேன். ஊற்றுக்கு முன்னால் உள்ள மேட்டில் எஞ்சின் சீறியது, வண்டி ஏறவில்லை. பாத்மா திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, வண்டி பின்னால போகுது."

"போகல, ஏறிக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்ப அந்த மரம் ஏன் என்னைத் தாண்டி முன்னால போகுது? அதுக்குக் கால் நல்லா இருக்குதா?"

பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் கிடந்த ஒரு பாறைதான் எங்களைப் பிடித்தது. அவளுடைய முழங்கால் தகரத்தில் இடித்து வீங்கிவிட்டது. தள்ளிவிட வந்த இடையர்களிடம், "என் புருஷன் பின்னால ஓட்டவும் கத்துக்கிட்டார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வீட்டுக்கு வந்து கதவை மூடிய பிறகு, "நான் இனி இதில ஏற மாட்டேன்" என்றாள். சிரிக்கவில்லை.

நீ திறக்க வேண்டாம் என்றாய். ஆனாலும் மனம் கேட்கவில்லை. எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரியாமல் எதையும் திருத்த முடியாது என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கியர்பாக்ஸைப் பெட்ரோலால் கழுவி, உலர்த்தி, மேலே ரொட்டி மாவைத் தூவிவிட்டு, வீட்டைச் சுற்றி மெதுவாக ஓட்டினேன். "உலகத்துல எல்லாரும் மாவை வாயில போடுவாங்க" என்றாள் பாத்மா. மாவு ஈரமான இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று, முன்பக்கம், கிளட்ச் இருக்கும் அறைக்குக் கீழே. கந்தக வாசனை அடித்தது. எஞ்சின் எண்ணெயில் அந்த வாசனை இருக்காது, ஆகவே அது கியர் எண்ணெய்தான். அது கிளட்ச் தட்டுகளில் ஊறியதால்தான் மேட்டில் வண்டி வழுக்கியிருக்கிறது. இன்னொன்று, எண்ணெய் ஊற்றும் துளையில் உள்ள என் பித்தளை மூடியைச் சுற்றி. மூன்றாவது அடிப்பக்கம்.

அடிப்பக்கத்தில்தான் எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. உன் வெள்ளிப் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தேன். கியர்பாக்ஸின் ஓட்டில் ஒரு பெரிய விரிசல். அதன்மேல் வெல்டிங். வெல்டிங் பழையது, அதன் பள்ளங்களில் பல வருடத்து அழுக்கு கல்லாகிக் கிடக்கிறது. என் கியர்பாக்ஸ் எப்போதாவது உடைந்ததா, மெலிஸ்? எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஒரு கணம், இது என் கியர்பாக்ஸ்தானா என்றுகூட நினைத்தேன். ஆனால் பித்தளை மூடி அதில் இருக்கிறது. அதை நானே வரைந்து, காலேஜ் லேத்தில் கடையச் சொல்லி வாங்கினேன். அப்படி ஒரு மூடி இந்த உலகத்தில் ஒன்றுதான். ஆகவே கியர்பாக்ஸ் என்னுடையது. மறந்தது நான்.

எசென்குல்


நரின்
20 ஜூன்

மாமா,

கடிதம் படிச்சு அம்மாவும் நானும் ரொம்பக் கவலைப்பட்டோம். அத்தை காலுக்கு வாத்துக் கொழுப்பு தடவுங்க.

வெல்டிங் பத்திக் கேட்டீங்க. மாமா, நிஜமாவே மறந்துட்டீங்களா? பார்ஸ்கூன் ரோட்டுல ஒரு கல்லு மேல ஏத்தினீங்களே! மழை பெஞ்ச நாள். அடிப்பக்கம் விரிஞ்சு எண்ணெய் எல்லாம் ரோட்டுல. நான்தான் வெல்டிங் வச்சுக் கொடுத்தேன். நீங்க பக்கத்துல குடை புடிச்சுட்டு நின்னீங்க, என் முதுகு நனையுதுன்னு. "பாத்மாகிட்ட சொல்லாதே"ன்னு சத்தியம் வேற வாங்கினீங்க. அதனாலதான் அத்தைக்குத் தெரியாது. அத்தைகிட்ட இப்பவும் கேக்காதீங்க, வீணா மனசு கஷ்டப்படுவாங்க.

மாமா, கோவிச்சுக்காதீங்க. இது எல்லாருக்கும் வர்றதுதான். எங்க பக்கத்து வீட்டு நோகோய் தாத்தா இப்படித்தான் ஆரம்பிச்சார். முதல்ல சின்னச் சின்னது மறந்தார். அப்பறம் குதிரையைக் கட்டின இடம் மறந்தார். நீங்க அத்தையைப் பக்கத்துல வச்சுட்டு மலையில வண்டி ஓட்டறது எனக்குச் சரியாப் படல. வண்டியைக் கொடுத்துடுங்க. யாராச்சும் எடுத்துக்கறவங்க இருந்தா உதிரியாவாவது கொடுங்க. நிம்மதியா இருங்க. எவ்வளவு நாள்தான் நீங்களே எல்லாத்தையும் அளந்து பாப்பீங்க?

அன்போட
மெலிஸ்


கரகோல்
2 ஜூலை

அன்புள்ள மெலிஸ்,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அந்த மழை நாளை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். என்ன விசித்திரம் பார், இப்போது அந்தக் குடை எனக்குத் தெரிகிறது. கறுப்புக் குடை, ஒரு கம்பி வளைந்தது. ஆனால் அது நினைவா, நீ எழுதியதைப் படித்து நானே வரைந்துகொண்டதா என்று பிரிக்க முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் இல்லாத பொருளைக் காகிதத்தில் வரைந்தவன் நான். அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டதோ என்னவோ.

டாக்டரிடம் போனேன். அவர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். "இவ்வளவு நல்லா வரைஞ்சா எனக்கு என்ன தெரியும் பெரியவரே?" என்றார் சலிப்போடு. அவருக்குத் தெரியாது, என் கை மறக்காது. மனம் மறப்பதைக் கை எப்படிக் காட்டும்? அன்று சமையலறைக்குப் போய் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நின்றேன். முன்பும் அப்படி நின்றிருப்பேன். ஆனால் முன்பெல்லாம் அதற்காகப் பயந்ததில்லை. இப்போது அடுப்பை அணைத்தேனா என்று படுக்கையிலிருந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். பாத்மாவுக்கு மாத்திரை கொடுத்தேனா என்று அவளிடமே கேட்கிறேன்.

நீ சொன்னதுதான் சரி. வண்டியைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். தியுப்பிலிருந்து ஒருவர் ஞாயிறன்று பார்க்க வருகிறார். பாத்மா ஒப்புக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. அவள் ஊற்றுக்குப் போகாமல் இத்தனை வாரமாகிவிட்டது. இப்போது கட்டிலிலிருந்து கதவுவரை நடப்பதற்கே சுவரைப் பிடிக்கிறாள்.

உன்னிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். நீ சொல்லாதே என்றாலும் அவளிடம் சொல்லிவிட்டேன். என் மறதியை அவளிடமிருந்து மறைப்பது நியாயமில்லை என்று பட்டது. அவள் ஒப்புக்கொள்ளவே இல்லை.

"உங்களுக்கு மறதின்னு யார் சொன்னது? மெலிஸா?"

"அவன் என் நல்லதுக்குத்தான் சொல்றான்."

"எனக்கு முட்டிதான் மடங்காது, காது மடங்கல. நம்ம வண்டி ரெண்டாவது கியர்ல முனகும். இது ஊளையிடுது. மெலிஸ் அவன் வண்டியில இங்க வந்தப்பல்லாம் இப்படித்தான் ஊளை கேக்கும். தெரு நாயெல்லாம் சொந்தக்காரன் வந்துட்டான்னு பின்னால ஓடும்."

"பாத்மா, அவன் என் அக்கா மகன்."

"நான் நாயைப் பத்தித்தானே சொன்னேன்?"

நான் அவளைக் கடிந்துகொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவளைக் கடிந்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. அவள் சினாராவின் போர்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டாள். நீ அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. அந்த மழையைப் பற்றி, வெல்டிங்கைப் பற்றி, உன் வாயால் சொன்னால் கேட்பாள். அவள் மனதில் உன்னைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

மாமா


கரகோல்
6 ஜூலை

மெலிஸ்,

அவளுக்கு எழுத வேண்டாம்.

தியுப்பிலிருந்து வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எண்ணெய் எந்த நிறத்தில் இருக்கிறது என்று காட்டச் சொன்னார். பித்தளை மூடியைத் திறந்தேன். ஸ்பேனர் வைப்பதற்கு முன்பே விரலோடு சுழன்று வந்துவிட்டது. எண்ணெய் ஊற்றியபோதும் இப்படித்தான் வந்திருக்கும், நான் கவனிக்கவில்லை. அவர், "இது தொளதொளன்னு இருக்கே" என்றார். இருந்தது.

என் கியர்பாக்ஸின் துளையில் மரை போய்விட்டதால், துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதற்கேற்பப் பெரிய மூடியை வரைந்தேன். எல்லா மூடிகளும் பதினெட்டு மில்லிமீட்டர். என்னுடையது இருபத்திரண்டு. கொட்டகைக்குள் போய் வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தேன். பதினெட்டு காட்டியது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு அளந்தேன். வெர்னியர் கெட்டுவிட்டதோ என்று, அளவு தெரிந்த ஒரு பேரிங்கை வைத்துச் சோதித்தேன். வெர்னியர் சரியாக இருந்தது. பிறகு, தவறாகப் படிக்கிறேனோ என்று, பாத்மாவைக் கதவருகில் உட்காரவைத்து அவளைப் படிக்கச் சொன்னேன். அவளும் அதையே படித்தாள்.

எனக்கு வயதாகிறது. நான் இளைக்கலாம். பித்தளை இளைக்காது.

மூடியின் தலை நான் வரைந்தபடியே இருக்கிறது. கழுத்துக்குக் கீழே யாரோ லேத்தில் போட்டுச் சீவி, சின்ன மரை வெட்டியிருக்கிறார்கள். வெட்டின இடம் இன்னும் பளபளக்கிறது. நேர்த்தியான வேலை அல்ல, அவசரத்தில் செய்தது. அதனால்தான் தொளதொளக்கிறது, அதனால்தான் ஒழுகுகிறது.

வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

உன்னிடம் ஒரே கேள்வி. என் கியர்பாக்ஸ் எங்கே?

எசென்குல்


நரின்
19 ஜூலை

மாமா,

நாலஞ்சு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். சரி, சொல்லிடறேன். உங்க கியர் பெட்டி அத்-பாஷில இருக்கு, சம்பந்தி வீட்டு வண்டியில. உங்க வண்டியில இருக்கறது என்னோடது.

கரிப்பாய் வண்டியைக் கேட்டுட்டார் மாமா. நேரா கேக்கல. "இந்த மாதிரி வண்டி இருக்கற வீட்டுல பொண்ணு எடுக்கறது பாக்கியம்"னார். அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா? என் பெட்டி உடைஞ்சு ஒட்டினது, ஊளையிடறது. அதோட கொடுத்தா சினாராவை என்ன பேசுவாங்க? நீங்க பிஷ்கெக்ல இருந்தீங்க. கொட்டகை எப்பவும் போலத் திறந்து கிடந்துச்சு. திருப்பி வச்சுடலாம், வேற நல்ல பெட்டி கிடைக்கும்னு நினைச்சேன். கிடைக்கல.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் உங்க அக்கா மகன். மருமகன் வர்றதுக்கு ஏழு ஓநாய் வரலாம்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? தாய்மாமன் வீட்டுல மருமகன் கை வச்சா திருட்டு இல்ல. உங்க ரேடியோவை எடுத்தேன், வெள்ளி வச்ச சேணத்தை எடுத்தேன், நாய்க்குட்டியை எடுத்தேன். ஒரு நாளும் நீங்க ஏன்னு கேக்கல. இதையும் அப்படித்தான் எடுத்தேன். உரிமை இருந்துச்சு, எடுத்தேன்.

அந்த வெல்டிங் கதை, மழை, குடை... அது வாயில வந்துடுச்சு மாமா. நீங்களே மறந்துட்டேன்னு எழுதினீங்க. நானும் ஆமான்னுட்டேன். அவ்வளவுதான்.

இப்ப மாட்டிக்கிட்டேன். உங்க பெட்டியோட துளை பெரிசு. கடையில விக்கற மூடி எதுவும் நிக்கல. உங்க மூடியை நான் சீவிட்டேன். அதனால ஒரு கட்டையைச் செதுக்கி, சணல் சுத்தி அடைச்சு, மேல பெயின்ட் அடிச்சுக் கொடுத்தேன். போன வாரம் ஓட்டிட்டுப் போறப்ப கட்டை பிச்சுக்கிட்டு, கரிப்பாய் புது பூட்ஸ் மேல எண்ணெய் எல்லாம் கொட்டிடுச்சு. அந்தக் கட்டையைக் கொண்டு வந்து விருந்துத் துணி மேல, ரொட்டிக்குப் பக்கத்துல வச்சு, "வண்டியில கட்டை அடைச்ச மாதிரி பொண்ணுலயும் ஏதாச்சும் அடைச்சிருக்கீங்களா சம்பந்தி?"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. சினாரா டீ ஊத்திட்டு இருந்தா. கேட்டுட்டா.

பட்டறையில சரியான மூடி கடையணும்னா அளவு வேணும், மரையோட இடைவெளி வேணும். அந்த வண்டிகிட்ட அவர் இப்ப என்னை விட மாட்டேங்கறார். அளவு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்காக வேண்டாம். அவளுக்காக ஒரு படம் போட்டு அனுப்புங்க மாமா. அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்.

மெலிஸ்


கரகோல்
4 ஆகஸ்ட்

மெலிஸ்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. முதலில் வண்டியை முடித்துவிடலாம் என்று இருந்தேன்.

உன் கியர்பாக்ஸை முழுவதும் பிரித்தேன். ஒவ்வொரு துண்டையும் கழற்றிய வரிசையில் துணிமேல் வைத்தேன், பாத்மா கதவருகில் உட்கார்ந்து எந்தத் துண்டையும் பூனை தொடாமல் பார்த்துக்கொண்டாள். கியர்பாக்ஸின் முதுகில் ஒரு மூச்சுத் துளை உண்டு. சூடாகும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற வேண்டும். ஒழுகினால் முதலில் அதைப் பார் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, நானே அதைப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை, உன் கடிதத்தைப் பார்த்தேன். வெல்டிங்கை மறைப்பதற்காக நீ அடித்த பெயின்ட் அந்தத் துளையை அடைத்திருந்தது. காற்றுக்கு வழி இல்லாமல் அது எண்ணெயை, தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் ரப்பர் சீலைத் தாண்டித் தள்ளியிருக்கிறது. ஊசியால் குத்தினேன். திறந்துகொண்டது.

பிறகு சீல் மாற்றினேன். தண்டில் பழைய சீல் உரசி ஒரு பள்ளம் விழுந்திருந்தது, அதனால் புதியதை ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி வைத்தேன், அதன் உதடு தேயாத இடத்தில் உட்காரும்படி. வெல்டிங்கில் ஒரு நுண்துளை இருந்தது, அதைச் சுத்தம் செய்து பிசின் வைத்தேன். ஊற்றும் துளைக்குச் சந்தையில் வாங்கிய சாதாரண இரும்பு மூடி. உன் துளை சாதாரண அளவு, அது போதும். கிளட்ச் தட்டுகளைக் கழுவிக் காயவைத்தேன், பிரேக்கையும் இறுக்கினேன். மாவு தூவி ஓட்டினேன். மாவு உலர்ந்தே இருந்தது. அப்போதும் நான் நம்பவில்லை, இன்னொரு நாள் ஓட்டிப் பார்த்தேன்.

பாத்மா ஏறமாட்டேன் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. தனியாக மேட்டில் ஏறி இறங்கிக் காட்டினேன். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"இன்னும் ஊளையிடுதே?"

"கியர் பல் தேஞ்சிருக்கு. அதை என்னால மாத்த முடியாது."

"பரவாயில்ல. திருடன் வச்ச பெட்டின்னு தெரு முழுக்கத் தெரியட்டும். ஏத்துங்க என்னை."

நேற்று ஊற்றுக்குப் போனோம். மேட்டில் அவள் பக்கத்து மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். மரங்கள் பின்னால்தான் போயின. தண்ணீரில் இறங்கியதும் அவள் அழுதாள். வலியால் என்றாள். வாரக்கணக்கில் விட்ட கால், இனி பழைய இடத்துக்கு வருமா என்று தெரியவில்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன்.

உரிமை என்று எழுதினாய். உண்மை. அக்கா என்னைத் தூக்கி வளர்த்தவள், அவள் மகனுக்கு என் வீட்டில் இல்லாத உரிமையா? ரேடியோவை நீ எடுத்தபோது என் கண் முன்னால் அதைத் தலையில் வைத்துக்கொண்டு போனாய். அது பாடிக்கொண்டே போனது. நான் வாசலில் நின்று சிரித்தேன். இந்தக் கியர்பாக்ஸையும் அப்படிக் கேட்டிருந்தால் நானே கழற்றி, எண்ணெய் வடித்து, துணியில் சுற்றிக் கொடுத்திருப்பேன். மூடியின் அளவையும் எழுதிக் கொடுத்திருப்பேன். சினாராவுக்கு நானும் ஏதாவது கொடுத்ததாக இருந்திருக்கும்.

ஆனால் உரிமையோடு எடுப்பவன் மாமனுடைய மூடியை லேத்தில் போட்டுச் சீவமாட்டான், மெலிஸ். அவனுக்கு அது தேவைப்படாது. நான் பார்த்து ஏமாற வேண்டும் என்பதற்காக, நீ உட்கார்ந்து, அளந்து, அதைச் செய்திருக்கிறாய். அதற்குப் பிறகு குடை. நீ வாயில் வந்தது என்கிறாய். அந்தக் குடை எனக்கு இன்னும் தெரிகிறது. வளைந்த கம்பியோடு. பொய் என்று தெரிந்த பிறகும் போகவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று இப்போதும் எழுந்து போகிறேன். கியர்பாக்ஸை ஒருவன் எடுத்தால் இன்னொன்று வைக்கலாம். ஓநாய் ஏழு வந்தாலும் ஆட்டைத்தான் கொண்டுபோகும். ஆட்டுக்காரனிடம் உனக்கு ஆடே இருந்ததில்லை என்று சொல்லாது.

அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லமாட்டேன். அவளுக்காக. பாத்மா போர்வையை மறுபடி எடுத்துவிட்டாள், செப்டம்பருக்குள் முடிந்துவிடும். கல்யாணத்துக்கு நாங்கள் வரவில்லை. கால் முடியவில்லை என்று சொல். அது பொய்யல்ல.

மூடியின் படம் இத்துடன் இருக்கிறது. மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரைந்திருக்கிறேன். எல்லா அளவுகளும் உண்டு. பித்தளையிலேயே கடையச் சொல். அடியில் செம்பு வளையம் போட வேண்டும், போடுமுன் அதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்து, அப்போதுதான் மெத்தென்று உட்காரும். கரிப்பாயிடம் உன் கையால் கொண்டுபோய்க் கொடு. அதை வரைந்தது மாமா என்று சொல்ல வேண்டாம். சினாராவிடம் மட்டும் சொல்லலாம்.

சீவிய பழைய மூடியை நான் வைத்துக்கொண்டேன். என் நினைவின்மேல் சந்தேகம் வரும் நாட்களில் அதை எடுத்து அளந்து பார்க்கிறேன்.

கொட்டகைக்கு ஒரு பூட்டு வாங்கியிருக்கிறேன். இந்த வீட்டில் முதல் பூட்டு. பாத்மாவுக்கு அது பிடிக்கவில்லை, கதவு பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்கிறாள். எனக்கும்தான் பிடிக்கவில்லை. நீ எப்போதாவது வந்தால் தேநீர் இருக்கும், ரொட்டி இருக்கும். கதவைத் தட்டிவிட்டு வெளியே நில். நான் வந்து திறப்பேன்.

எசென்குல்